மலைக்காற்றே மருந்து

நோயும் மனிதரும் – 17

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்த நிகழ்ச்சியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். சாகிற மனிதர்களில் ஏழில் ஒருவரைக் கொல்வது இந்த நோய்தான் என்று அன்று அவர் சொன்னார். கிருமி அகப்பட்டுவிட்டது. ஆனால் அதைக் கொல்லும் மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை இருமி இருமி இரத்தம் கக்கியவர்கள் எங்கே போனார்கள், எதை நம்பினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இந்த வாரம் ஒரு மலைக் கிராமத்துக்குப் போவோம்.

போலந்தின் தென்மேற்கு மூலையில், செக் நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது சொகொவோவ்ஸ்கோ. வ்ரோத்ஸ்வாவ் நகரத்திலிருந்து வவ்பிஷிக் வரை ரயில். அதன் பிறகு மலைச்சாலை. நாற்புறமும் ஊசியிலைக் காடு மூடிய குன்றுகள். நடுவே காற்று அதிகம் புகாத பள்ளத்தாக்கு. அதில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஊருக்கு நடுவில், பழைய பூங்காவின் விளிம்பில், செங்கல் நிறம் மாறாமல் நிற்கிறது ஒரு பெரிய கட்டடம். கூர்முனை வளைவுகள் கொண்ட சன்னல்கள், கோபுரம், அடுக்கடுக்கான மாடங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டையோ தேவாலயமோ என்று தோன்றும். கிட்டே போனால்தான் சில பகுதிகளுக்குக் கூரையே இல்லாமல் போனதும், சன்னல் இருந்த இடங்கள் வெறும் ஓட்டைகளாக நின்றதும் புரியும். 2005இல் பிடித்த தீ அதன் உள்ளுடலைத் தின்றுவிட்டது. இன்று ஒரு பகுதியைச் செப்பனிட்டிருக்கிறார்கள்.

காசநோயாளிகளுக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் மலை மருத்துவமனை இதுதான். சுவிட்சர்லாந்தின் டாவோஸை எல்லோரும் அறிவார்கள். தாமஸ் மான் தம் நாவலால் அதற்கு அழியாப் புகழ் தேடித் தந்தார். ஆனால் டாவோஸில் காசநோயாளிகள் குவியத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் வேலை தொடங்கிவிட்டது. இந்த ஊருக்கு உரிய இடம் வரலாற்றில் தரப்படவில்லை என்பது என் கருத்து.

அன்று இந்த ஊரின் பெயர் கெர்பர்ஸ்டார்ஃப். பிரஷ்ய ஆட்சியில் இருந்த சிலேசியா மாநிலத்தின் ஏழைக் கிராமம். 1849இல் மரீ ஃபான் கொலோம்ப் என்ற பெண்மணி இங்கே குளிர்நீர்ச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டியும் ஈரத்துணி சுற்றியும் நோய்களைக் குணப்படுத்தும் முறைக்கு அப்போது ஐரோப்பாவில் பெரிய மோகம் இருந்தது. ஆனாலும் நிலையம் நொடித்துப்போனது. மரீயின் சகோதரியைத் திருமணம் செய்துகொண்டவர் ஹெர்மன் பிரெமர் என்ற இளம் மருத்துவர். 1854இல் அவர் இங்கே வந்து சேர்ந்தார். பள்ளத்தாக்கின் தலையெழுத்து மாறியது.

பிரெமர் 1826இல் சிலேசியாவில் பிறந்தவர். முதலில் கணிதமும் தாவரவியலும் படித்து, பிறகு மருத்துவத்துக்கு மாறியவர். அவருக்கே காசநோய் இருந்தது, இமயமலைக்குப் போய் மூலிகை தேடித் திரிந்தார், அங்கேயே குணமாகித் திரும்பினார் என்று ஒரு கதை ஆங்கில நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதியே அது வளர்ந்திருக்கிறது என்பதால் அதை நான் இங்கே வரலாறாகச் சேர்க்கவில்லை. இமயக் கதை இல்லாமலேயே அவர் செய்தது பெரிய காரியம்.

அவர் தம் பட்ட ஆய்வேட்டில் ஒரு வாக்கியத்தைத் துணிந்து எழுதினார்: காசநோய் தொடக்க நிலையில் இருந்தால் குணப்படுத்தக் கூடியதே. இன்று நமக்கு இது சாதாரணம். அன்று அப்படியில்லை. எலும்புருக்கி வந்துவிட்டால் வீட்டார் அழத் தொடங்கிவிடுவார்கள். மருத்துவர்கள் இரத்தம் வடிப்பார்கள். அறையின் சன்னல்களை அடைத்து நோயாளியைப் போர்த்திப் படுக்க வைப்பார்கள். பணம் உள்ளவரானால் இத்தாலிக்கோ மதேரா தீவுக்கோ போய் வெயில் காயச் சொல்வார்கள். பரம்பரை நோய், விதி, குடும்பச் சாபம் என்றெல்லாம் நம்பிய காலம். அந்தக் காலத்தில் ஓர் இளைஞர் எழுந்து, குணமாகும் என்கிறார். மூத்த மருத்துவர்கள் ஏற்கவில்லை. மருத்துவமனை நடத்த அரசின் அனுமதியும் எளிதில் கிடைக்கவில்லை. அவருடைய ஆசிரியர் ஷேன்லைனும் மாபெரும் அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட்டும் அவருக்காகப் பேசிய பிறகே வழி பிறந்தது.

ஹும்போல்ட் இந்தக் கதைக்குள் வருவதற்குக் காரணம் உண்டு. உலகின் உயர்ந்த மலைகளில் வாழும் மக்களிடையே காசநோய் அரிது என்று ஹும்போல்ட் போன்ற பயணிகள் எழுதிவந்த காலம் அது. பிரெமர் அதைப் பிடித்துக்கொண்டார். காசநோயாளிகளின் இதயம் உடலின் அளவுக்குச் சிறியது. அதனால் நுரையீரலுக்கு இரத்தம் போதுமான அளவு போவதில்லை. காற்றழுத்தம் குறைந்த மலையில் இதயம் வேகமாக அடிக்கும், இரத்தம் நன்றாகப் பாயும், நோய் தங்காது. இதுதான் அவர் கட்டிய கோட்பாடு. நோய் அண்டாத இடங்கள் என்றே சில நிலப்பகுதிகள் இருக்கின்றன என்றும், கெர்பர்ஸ்டார்ஃப் அவற்றில் ஒன்று என்றும் அவர் உறுதியாக நம்பினார்.

கோட்பாடு முழுக்கத் தவறு. காசநோய் சின்ன இதயத்தால் வருவதில்லை. நோய் அண்டாத மலை என்று ஒன்று இல்லை. போதாக்குறைக்கு கெர்பர்ஸ்டார்ஃப் உயரமான ஊரும் அல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர்தான். நம் ஏற்காட்டின் உயரத்தில் பாதிகூட இல்லை. அப்படியிருந்தும் அங்கே வந்த பலர் உடல் தேறித் திரும்பினார்கள். ஏன்?

பிரெமர் உண்மையில் கண்டுபிடித்தது மலையை அல்ல, ஓர் ஒழுங்கை. அதற்கு முன்பு நோயாளி எங்கோ ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்குவார். மருத்துவர் எப்போதாவது வந்து பார்ப்பார். பிரெமரோ நோயாளிகளை ஒரே வளாகத்துக்குள் வைத்து, விழித்தது முதல் உறங்கும் வரை மருத்துவர் கண்காணிப்பில் இருக்கச் செய்தார். காட்டுக்குள் சரிவுக்கு ஏற்றபடி நடைபாதைகள் வெட்டப்பட்டன. வழியெங்கும் இருக்கைகள். யார் எந்தப் பாதையில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பது மருத்துவர் சொல்வதுதான். களைத்துப் போன பிறகு உட்காரக் கூடாது. களைப்பு வருவதற்கு முன்பே உட்கார வேண்டும் என்பது விதி. வயிறு நிறையச் சாப்பாடு, ஏராளமான பால், அளவோடு ஒயின். தாங்கக் கூடியவர்களுக்கு மட்டும் காட்டில் குளிர்ந்த நீர்த்தாரைக் குளியல். எப்போதும் திறந்த சன்னல்.

ஹனோவர் நகரத்துக் கட்டடக் கலைஞர் எட்வின் ஓப்லர் வரைந்த செங்கல் மாளிகை 1860களில் எழத் தொடங்கிப் படிப்படியாக விரிந்தது. சாப்பாட்டுக் கூடங்கள், குளிர்காலத்தில் செடிகொடிகளுக்கு நடுவே உலாவக் கண்ணாடி மண்டபம், நூலகம் என்று நோயாளிகளின் நீண்ட நாள் வாழ்க்கைக்கு வேண்டியவை சேர்ந்தன. நோயாளி வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். ரஷ்யாவிலிருந்தும் போலந்து நாட்டவர் வாழ்ந்த பகுதிகளிலிருந்தும் வந்தார்கள். ரஷ்ய நோயாளிகளுக்காகக் கட்டப்பட்ட சிறிய மரபுவழி கிறித்தவக் கோயில் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவ்வளவும் பணம் உள்ளவர்களுக்கு. கெர்பர்ஸ்டார்ஃபிலிருந்து வடக்கே சில கல் தொலைவில் வால்டன்பர்க், இன்றைய வவ்பிஷிக். அது நிலக்கரிச் சுரங்க நகரம். கிழக்கே அடுத்த மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் 1844இல் பசி தாங்காமல் சிலேசிய நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிரஷ்யப் படை அவர்களைச் சுட்டது. நெருக்கமான வீடு, புழுதி, அரை வயிறு, ஓயாத வேலை. காசநோய் குடியிருந்தது அவர்களிடம்தான். சுரங்கத் தொழிலாளிக்கு மாதக்கணக்கில் மலையில் உலாவக் காசு ஏது, காலம் ஏது? மலைக்காற்று எல்லோருக்கும் பொது. மருத்துவமனைக் கட்டணம் அப்படியல்ல. ஏழைகளுக்கான மக்கள் மருத்துவமனைகள் ஜெர்மனியில் பரவியது 1890களில்தான்.

பிரெமரிடம் நோயாளியாக வந்து, தேறி, உதவி மருத்துவராகவே தங்கிவிட்டவர் பீட்டர் டெட்வைலர். 1876இல் அவர் ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஃபால்கன்ஸ்டைனில் தனி மருத்துவமனை தொடங்கினார். ஆசிரியர் நடக்கச் சொன்னார். மாணவர் படுக்கச் சொன்னார். திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் மணிக்கணக்காக, பனி கொட்டினாலும், அசையாமல் கிடப்பதே டெட்வைலரின் சிகிச்சை. கண்ட இடத்தில் துப்பாமலிருக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் நீலக் கண்ணாடிக் குப்பியையும் அவர்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உலகம் முழுதும் பரவியது பிரெமரின் வளாகமும் டெட்வைலரின் சாய்வு நாற்காலியும் சேர்ந்த முறை. அமெரிக்காவில் தாமே காசநோயாளியான மருத்துவர் ட்ரூடோ, பிரெமரின் முறையைப் பற்றிப் படித்துவிட்டு நியூயார்க் மாநிலத்து மலைக்காட்டில் சாரனாக் ஏரிக்கரையில் மருத்துவமனை தொடங்கினார்.

1889இல் பிரெமர் இறந்தார். மருத்துவமனை தொடர்ந்து நடந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் சிலேசியா போலந்தின் கைக்குப் போனது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், கிழக்கிலிருந்து வேரறுந்து வந்த போலந்து மக்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். ஊருக்குப் புதுப்பெயர் வேண்டியிருந்தது. பிரெமரிடம் உதவியாளராக இருந்து பின்னர் வார்சாவில் புகழ்பெற்ற நுரையீரல் மருத்துவரான ஆல்ஃபிரட் சொகொவோவ்ஸ்கியின் நினைவாக ஊர் சொகொவோவ்ஸ்கோ ஆனது. மருத்துவமனையால் வளர்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

திரைப்பட இயக்குநர் கிஷிஷ்டோஃப் கீஷ்லோவ்ஸ்கியைத் தமிழ் வாசகர்கள் பலர் அறிவார்கள். அவருடைய தந்தை காசநோயாளி. மருத்துவமனை மருத்துவமனையாக மாறிக்கொண்டே இருந்த குடும்பம். 1950களில் அந்தக் குடும்பம் இந்த ஊரில் வாழ்ந்தது. சீட்டு வாங்கக் காசில்லாத சிறுவர்கள் திரையரங்கின் கூரையில் ஏறிக் காற்றுத் துவாரம் வழியாகத் திரையின் ஒரு மூலையை மட்டும் பார்ப்பார்களாம். அந்தச் சிறுவர்களில் கீஷ்லோவ்ஸ்கி ஒருவர். இன்று அவர் பெயரில் அங்கே ஆண்டுதோறும் திரைப்பட விழா நடக்கிறது. நோபல் பரிசு பெற்ற ஓல்கா தொகார்ச்சுக் 2022இல் வெளியிட்ட நாவலும் 1913ஆம் ஆண்டின் கெர்பர்ஸ்டார்ஃபில் நிகழ்கிறது.

மருந்துகள் வந்த பிறகு நோயாளிகள் குறைந்தார்கள், பிரெமரின் மாளிகையைப் பராமரிக்க ஆளில்லாமல் போனது, தீயும் பிடித்தது. 2007இல் கலைஞர்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, கலை மையமாக மீட்டெடுக்கும் வேலையில் இறங்கியது. வேலை இன்னும் முடியவில்லை.

கட்டடத்தின் கதை இவ்வளவுதான். அங்கே பிறந்த கருத்து எங்கே போனது என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஏனென்றால் அது நம் ஊருக்கு வந்தது.

கொண்டுவந்தவர் டேவிட் ஜேகப் ஆரோன் சவரிமுத்து. தென்னிந்தியாவிலிருந்து லண்டன் போய் மருத்துவம் படித்தவர். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் வெல்ஸ் நகரத்துக்கு அருகே காசநோய் மருத்துவமனை நடத்தினார். ஆங்கிலேயர்களுக்கு அவர்கள் மண்ணிலேயே ஓர் இந்தியர் காசநோய் மருத்துவமனை நடத்திய காலம் எது என்று எண்ணிப் பாருங்கள்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். 1914இல் நெவாசா கப்பலில் இங்கிலாந்துக்குப் போனபோது சக பயணியாக ஓர் இளைஞர் அவருக்கு அறிமுகமானார். கணித மேதை ராமானுஜன்தான் அது. மூன்று ஆண்டுகள் கழித்து ராமானுஜன் நோயாளியாக மெண்டிப் குன்றுகளுக்கே வந்து அவரிடம் சேர்ந்தார். அங்கிருந்து மேட்லக்கில் இருந்த இன்னொரு மருத்துவமனைக்குப் போனார். திறந்த சன்னலும் இங்கிலாந்துக் குளிரும், சைவ உணவுக்காரருக்கு ஒவ்வாத சாப்பாடும், தனிமையும் அவரை வாட்டின. அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதையே பிற்கால மருத்துவர்கள் ஐயுற்றார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்பது ஒரு முடிவு. அது சரியென்றால், அந்தக் குளிர் முழுவதும் அவர் வீணாகப் பட்ட துன்பம். என்னால் அந்தப் பக்கங்களைச் சுலபமாகக் கடக்க முடிவதில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது.

சவரிமுத்து ஊர் திரும்பி, 1928இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. மின்சார ரயிலில் போகும் யாரும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். சிலேசியப் பள்ளத்தாக்கில் பிரெமர் போட்ட விதை அது. மலை இல்லாத இடத்துக்கும் அந்த முறை வந்து வேர்விட்டது. இதற்கு முன்பே, 1915இல், மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் கிறித்தவ மிஷன்கள் சேர்ந்து ஒரு காசநோய் மருத்துவமனை தொடங்கியிருந்தன.

அதன் பிறகு மருந்துகளின் காலம். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. பாஸ் என்ற மருந்து வந்தது. 1952இல் ஐசோனியசிட் வந்தது. விலை மலிவு, விழுங்கும் மாத்திரை. அப்போது உலகெங்கும் எழுந்த கேள்வி இது: மாத்திரை இருக்கும்போது மருத்துவமனைப் படுக்கை எதற்கு? பணக்கார நாடுகளில் நோயாளிகளை ஓராண்டு வரை படுக்க வைத்து மாத்திரை கொடுத்தார்கள். இந்தியாவில் இலட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே? வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா? நெருக்கமான குடிசையில் மற்றவர்களுக்கும் தொற்றிவிடாதா?

இதற்கு விடை கண்டது சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை தாங்கினார். நகரத்து ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 200 பேர், யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பாதிப் பேர் காசநோய் மருத்துவமனைக்குப் போனார்கள்: நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர், காற்றோட்டம். மறு பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்: நெரிசல், குறைந்த சாப்பாடு, உடல் கொஞ்சம் தேறியதும் வேலை. இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிடும் பாஸும், ஓராண்டு. மாத்திரையை விழுங்குகிறார்களா என்று பார்க்க எதிர்பாராத நேரத்தில் பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. இரு பக்கமும் குணமானவர்கள் ஏறத்தாழச் சமம். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே, நோய் தெரியாமல் இருந்த நாட்களிலேயே தொற்ற வேண்டியது தொற்றிவிட்டது. காற்று, ஓய்வு, பால், முட்டை எல்லாவற்றையும் விட மாத்திரையை விடாமல் விழுங்குவதே முக்கியம் என்பது தெளிவானது.

நூறு ஆண்டுகள் உலகம் நம்பிய ஒரு முறைக்கு, அறிவியல் வழியில் நடத்திய ஒப்பீட்டின் மூலம் முடிவுரை எழுதியது சேத்துப்பட்டு. உலகெங்கும் மலை மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு மருந்துகள் முதல் காரணம். மருந்து மட்டும் போதும் என்று துணிந்து சொல்ல வைத்த இந்த ஆய்வு இன்னொரு காரணம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். சோற்றுக்கும் கூரைக்கும் போராடிய அந்த 200 பேரால்தான் உலகின் கோடிக்கணக்கான ஏழைகள் வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தொலைதூரம் போய்ப் படுக்கையில் கிடக்காமல் குணமாக முடிந்தது. பிரெமரின் மாளிகைக் கதவு அவர்களுக்கு ஒருபோதும் திறந்திருக்காது.

பிரெமரை இதனால் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் சொன்ன காரணம் தவறு. சொன்ன முடிவு, இந்த நோய் குணமாகும் என்பது, சரி. அந்த நம்பிக்கையை முதலில் கட்டடமாக எழுப்பிக் காட்டியவர் அவர். அந்தக் கட்டடம் தேவைப்படாமல் போனது மருத்துவத்தின் வெற்றி. ஆனால் நோய் போய்விடவில்லை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியாவில் இருக்கிறார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலை நேரத்தில் காய்ச்சல் வந்தால், உடல் மெலிந்தால், பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். மருந்து பொதுவாக ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே உடம்பு தேறிவிட்டதுபோல் இருக்கும்; அப்போது நிறுத்திவிடாதீர்கள். யாரிடமும் மறைக்கவும் வேண்டாம்.

(தொடரும்)